தழும்பில்லாமல் ஆறும் புண்



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சைனிக்புரியில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் நான் கீரை அறுத்துக்கொண்டிருந்தேன். சைனிக்புரி, பெயருக்கேற்பப் படைவீரர் குடியிருப்பாகத் தோன்றிய ஊர். இங்கே பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அடுத்த தெருவில் உள்ள சுபேதார் ஒருவரின் மருமகள் அன்று கையில் ஒரு காகித உறையுடன் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்கள் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்க்கிறவர்கள் அல்லவா? இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும்" என்றாள்.

உறையில் இருந்தது ஸ்கேன் பரிசோதனையின் அறிக்கை. கருப்பையின் உட்படலம் மிகவும் மெலிந்து 3 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கிறது என்றும், உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. எனக்கு மொழி தெரியும்; பொருள் தெரியவில்லை. நான் படித்தது வரலாறு. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் பெயர்த்துப் பழகியவள் நான். மெலிந்தால் என்ன, ஒட்டினால் என்ன என்று அவள் கேட்ட கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. படித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினேன். அப்படிப் படித்து அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கருப்பை, கைம்முஷ்டி அளவுள்ள ஓர் உறுப்பு. அதன் சுவர் தடித்த தசையால் ஆனது. அச்சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய விரிப்பே உட்படலம் எனப்படுவது. கருவுற்ற முட்டை வந்து பதிந்து வேர்விடும் நிலம் இதுவே. இப்படலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. தசையை ஒட்டினாற்போல் இருப்பது அடியடுக்கு. அதன்மேல் வளர்வது மேலடுக்கு. மாதந்தோறும் உதிர்வது மேலடுக்கு மட்டுமே. அடியடுக்கு உதிர்வதில்லை.

நான் அறுத்துக்கொண்டிருந்தது அரைக்கீரை. அதனை அறுகீரை என்றும் சொல்வார்கள். முளைக்கீரையை வேரோடு பிடுங்கிச் சமைக்கிறோம்; ஒரு தடவையோடு அதன் கதை முடிகிறது. அறுகீரையையோ அடியை விட்டுத் தண்டை அறுக்கிறோம். பத்துப் பதினைந்து நாட்களில் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. கருப்பையின் உட்படலம் அறுகீரைப் பாத்தியை ஒத்தது. அடியடுக்கில் புதைந்திருக்கும் சுரப்பிகளின் அடிப்பகுதிகளே அதன் கட்டைகள்.

இந்தப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவோர் இருவர். இருவரும் சூலகத்தில் பிறக்கும் ஹார்மோன்கள். முதலாமவர் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் முடிந்ததும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் கனமே இருக்கும் படலத்தை, முட்டை வெளிப்படும் நாளுக்குள் பல மடங்கு உயர்த்துவது அதன் வேலை. முட்டை வெளிப்பட்ட பின் புரொஜெஸ்டிரோன் வந்து சேர்கிறது. அது உயரத்தை அதிகம் கூட்டாமல் நிலத்தைப் பதப்படுத்துகிறது: சுரப்பிகள் சத்து நீரால் நிறைகின்றன, சிறு தமனிகள் சுருள் சுருளாக நீள்கின்றன. கரு பதிந்தால் இந்த ஏற்பாடு தொடரும். பதியாவிடில் புரொஜெஸ்டிரோன் சில நாட்களில் வற்றிவிடுகிறது. அப்போதே மேலடுக்கின் சரிவு தொடங்குகிறது.

அச்சரிவைக் கண்ணால் கண்டவர் மார்க்கி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். ரீசஸ் குரங்கின் கருப்பைப் படலத்திலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அக்குரங்கின் கண்ணிலேயே, கருவிழிக்கு முன்னுள்ள நீர் அறையில் அவர் பதித்தார். துணுக்குகள் அங்கே உயிர் பிடித்து வளர்ந்தன. கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் தெளிவானதாகையால், மாதவிடாயின் ஒவ்வொரு கட்டத்தையும் உருப்பெருக்கியால் பார்த்துக் குறித்துக்கொள்ள முடிந்தது. 1940-ல் அவர் வெளியிட்ட செய்தி இது: உதிரப்போக்குக்கு 4 முதல் 24 மணி நேரம் முன்னரே சுருள் தமனிகள் இறுகிக்கொள்கின்றன, இரத்தம் எட்டாத மேலடுக்கு வாடுகிறது, தமனிகள் மீண்டும் தளரும்போது வாடிய திசுக்கள் இரத்தத்தோடு பெயர்ந்து விழுகின்றன. புரொஜெஸ்டிரோன் குறைந்தவுடன் வெள்ளணுக்கள் படலத்தினுள் திரள்வதையும், திசுக்களைக் கட்டி நிறுத்தும் நார்களைக் கரைக்கும் நொதிகள் சுரப்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் சேர்த்து விளக்கியுள்ளன.

இனி விந்தையான பகுதிக்கு வருவோம். விழுந்து சிராய்த்த முழங்காலை நினைத்துப் பாருங்கள். ஆழமான காயமானால் புண் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். தழும்பு, உடல் அவசரத்தில் போட்ட ஒட்டு. அங்கே மயிர் முளைக்காது, வியர்வையும் சுரக்காது. கருப்பையினுள்ளோ மேலடுக்கு முழுவதும் பெயர்ந்து ஒரு பச்சைப் புண் திறந்துகிடக்கிறது. இருப்பினும் உதிர்வு தொடங்கிய இரண்டு நாட்களுக்குள்ளாகவே, உதிர்ந்து முடிந்த இடங்களில் பழுது பார்க்கும் வேலை ஆரம்பமாகிறது. ஒரு மூலையில் சுவர் இடிய, மறு மூலையில் பூச்சு வேலை நடக்கிறது. அடியடுக்குச் சுரப்பிகளின் வாய்களிலிருந்து புதிய அணுக்கள் படர்ந்து, ஏறத்தாழ ஐந்தாறு நாட்களில் புண்ணின் பரப்பு முழுவதையும் மூடிவிடுகின்றன. இந்த முதற்பூச்சுக்கு ஈஸ்ட்ரோஜனின் உதவியும் வேண்டியிருக்கவில்லை; அது பின்னர் வந்து படலத்தை உயர்த்துகிறது. தழும்பு எங்கும் நிற்பதில்லை. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது ஏறத்தாழ 400 தடவை நிகழ்கிறது. வயது வந்தோர் உடலில் இவ்வளவு திசு இத்தனை தடவை உதிர்ந்து, இவ்வாறு தடயமின்றி மீள்வதற்கு வேறோர் இடத்தைக் காட்டுவது கடினம்.

மகப்பேற்றுக்குப் பிறகும் இதுவே நடக்கிறது. நஞ்சு பெயர்ந்த இடத்தில் உள்ளங்கையளவு புண் இருக்கும். ஏறக்குறைய ஆறு வாரங்களில் அதுவும் தழும்பின்றி ஆறிவிடுகிறது. மாதவிடாய் அடியோடு நின்றுபோன முதிய பெண்களிடமும் இத்திறன் மறைவதில்லை. படலம் மெலிந்து ஓய்ந்திருக்கும். எனினும் ஹார்மோன் கொடுத்தால் மீண்டும் வளர்கிறது. கட்டை உறங்குகிறதே அன்றிச் சாகவில்லை என்பதற்கு இது சான்று.

இந்த உண்மைகள் வெளியான வரலாறும் அறியத்தக்கது. 1908-க்கு முன்பு, ஒரு வாரம் தடித்தும் மறு வாரம் மெலிந்தும் காணப்பட்ட படலத்தை வைத்தியர்கள் பல சமயம் நோய் என்றே கருதினர். அவ்வாண்டில் வியன்னா நகரத்து மருத்துவர்களான ஹிட்ஷ்மன், ஆட்லர் என்ற இருவர், இம்மாறுதல்கள் ஆரோக்கியமான பெண்ணின் மாதச் சுழற்சியே என்று எடுத்துக் காட்டினர். வளர்ச்சிக்கு மூலமான அணுக்களின் சான்று கிடைத்ததோ 2004-ல்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கரோலின் கார்கெட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும், படலத்தின் அணுக்களைப் பிரித்துத் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். சுரப்பிப் பூச்சு அணுக்களில் 1000-ல் ஏறத்தாழ 2, தாங்கு திசு அணுக்களில் 1000-ல் ஏறத்தாழ 12 மட்டுமே தனி அணுவாக நின்று கூட்டமாகப் பெருகின. இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். அதே 2004-ல் அமெரிக்காவில் ஹியூ டெய்லர் என்பவர் வேறொரு செய்தியைத் தெரிவித்தார். பிறருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றுக்கொண்ட நான்கு பெண்களின் கருப்பைப் படலத்தில், மஜ்ஜை தந்தவருடைய அணுக்கள் காணப்பட்டன. அப்படியானால் படலத்தைப் பழுது பார்க்க எலும்பிலிருந்தும் ஆள் வருகிறது என்று பொருள். எந்த அளவுக்கு வருகிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வளவு வேலை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பசுவுக்கோ ஆட்டுக்கோ மாதவிடாய் இல்லை. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள், சில வௌவால்கள் என விரல்விட்டு எண்ணத்தக்க உயிரினங்களுக்கே அது உண்டு. எகிப்து நாட்டின் முள் எலி ஒன்றையும் 2017-ல் இப்பட்டியலில் சேர்த்தனர். பல விலங்குகளில் கரு வந்து தொட்ட பிறகே படலம் தன்னைப் பதப்படுத்திக்கொள்ளத் தொடங்கும். மனிதரிலோ விருந்தாளி வருமுன்பே இலை போட்டாயிற்று. விருந்தாளி வராவிடில் இலையை எடுத்தாக வேண்டும். அடுத்த மாதம் புதிய இலை.

இதனை உணர்ந்தபோது மொழிபெயர்ப்பாளராகிய எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. நம் வீடுகளில் இதற்குத் தீட்டு என்று பெயர். அச்சொல் தீண்டுதலிலிருந்து பிறந்தது. இங்கே தெலுங்கில் முட்டு என்கிறார்கள், கன்னடத்திலும் அதுவே, அதற்கும் தொடுதல் என்பதே பொருள். தொடாதே என்ற கட்டளையையே நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்திருக்கிறோம். ஆனால் நம்முடைய பழைய சொல் வேறு. தொல்காப்பியம் இதனைப் பூப்பு என்கிறது. பூப்புக்குப் பின் பன்னிரு நாட்கள் கணவன் நீங்கியிருத்தல் அறமாகாது என்று கற்பியல் விதிக்கிறது. உரையாசிரியர்கள் அதனைக் கருத்தரிக்கும் காலத்தோடு இணைத்தே விளக்கினர். நாட்களை எண்ணி, பூவுக்கும் காய்க்கும் உள்ள உறவை அறிந்தவர்கள் இட்ட பெயர் அது. நான் பூப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் அறிக்கைக்கு வருவோம். அடிக்கட்டை இருக்கும்வரை கீரை தளிர்க்கும். கட்டையே அழிந்தால்? அடியடுக்கு ஆழமாகச் சிதைந்த இடத்தில் உடல் தனது பழைய வழியை நாடுகிறது: தழும்பு கட்டுகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் தழும்புகள் ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய் குறைந்து நின்றுவிடுகிறது. பதிவதற்கு நிலமின்றிக் கரு தங்குவதில்லை. 1894-ல் ஜெர்மனியில் பிரிட்ஷ் என்பவர் இதனை முதலில் எழுதினார். 1948-ல் ஆஷர்மன் என்ற மருத்துவர் விரிவாக ஆராய்ந்தமையால் அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. கருச்சிதைவுக்குப் பின்னோ மகப்பேற்றுக்குப் பின்னோ கருப்பையை அளவுக்கு மீறிச் சுரண்டுவது முக்கியமான காரணம். நம் நாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. அது காசநோய்.

காசம் நுரையீரலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுகிறோம். கிருமிகள் இரத்தத்தின் வழியே கருக்குழாயை அடைந்து அங்கே குடியேறக்கூடும். அங்கிருந்து கருப்பைக்கு இறங்குகின்றன. இங்கே ஒரு வியப்பு. மேலடுக்கு மாதந்தோறும் உதிர்வதால் கிருமிகளும் அதனோடு பெருமளவு கழிந்துபோகின்றன. குழாயிலிருந்து மறுபடியும் விதை விழுகிறது, மறுபடியும் கழிகிறது. உதிர்வே ஒரு காப்பாக நிற்கும் இந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இருமல் இராது, சிலருக்கு வலியும் இராது. முடிவில் அடியடுக்கு பாதிக்கப்பட்டால் தழும்பு வென்றுவிடுகிறது.

சுபேதாரின் மருமகளுக்கு நேர்ந்தது இதுவே என்று பின்னர் தெரிந்தது. திருமணமாகி ஐந்து ஆண்டுகளில் அவள் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருந்தாள். அவளுக்கு அப்போது தெலுங்கும் இந்தியும் பேச வராது. மருத்துவர் கேட்பதற்கெல்லாம் கணவரே விடை சொல்வார். மாதவிடாய் எப்படி என்ற கேள்விக்கு, கூச்சத்தால், "எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்று இந்தியில் சொல்லிவிடுவார். அது மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகி, பிறகு கறை அளவாகி, அதுவும் நின்றுபோன கதை எந்த மருத்துவர் காதுக்கும் எட்டவில்லை. வீட்டிலோ மாமியார் வாயில் ஒரு சொல் வந்துவிட்டது. அந்தச் சொல்லை நீங்கள் அறிவீர்கள். நான் இங்கே சொல்ல விரும்பவில்லை.

அடுத்த தடவை நான் உடன் சென்றேன். அவள் தமிழில் சொன்னதை ஒன்றும் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்த்துச் சொன்னேன். மருத்துவர் அம்மையார் எழுதுகோலை நிறுத்தி, "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். நாங்கள் மூவரும் பேசாதிருந்தோம். அதன்பின் கருப்பைக்குள் நுண்குழாய்க் கருவி செலுத்திப் பார்த்தார்கள், திசுவைப் பரிசோதித்தார்கள், காசம் என்று உறுதியாயிற்று.

காசத்திற்கு மருந்து உண்டு. வீட்டில் இருந்தவாறே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்த இடம் நம் சென்னையே. 1956-ல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களும் சென்னைக் குடிசைகளில் இருந்தே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959-ல் வெளியிட்டது. கருப்பைக் காசத்திற்கு இன்று வழங்கப்படும் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். அரசாங்கம் மருந்தை இலவசமாக அளிக்கிறது. நுரையீரலில் நோய் இல்லாத வரையில் அது அருகில் இருப்பவரைத் தொற்றுவதில்லை.

கட்டை அழிந்த இடத்தில் புதிதாக நட முடியுமா என்ற முயற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுக்களைக் கருப்பையில் செலுத்தி, ஒரு பெண்ணுக்குப் படலம் வளர்ந்து கரு உண்டானதாக 2011-ல் அகமதாபாத் மருத்துவர்கள் அறிவித்தனர். 2014-ல் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் ஆறு பெண்களிடம் இம்முறையைக் கையாண்டனர். பெரும்பாலோர்க்கு மாதவிடாய் திரும்பியது. நம்பிக்கை தரும் செய்திகளே. ஆயினும் இவை சிறு எண்ணிக்கையில் செய்த சோதனைகள். நிலைபெற்ற வைத்தியம் ஆகிவிடவில்லை. குருத்தணு என்ற பெயரைச் சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களிடம் நேயர்கள் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

படலம் நன்றாகத் தளிர்ப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் கழிகிறது. 80-க்கு மேற்பட்டால் அது மிகை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச் சத்து போய்விடுகிறது. படலம் தன்னைத் தானே புதுப்பிக்கும்; இரும்பை உணவுதான் ஈடு செய்ய வேண்டும். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர்கள். ஐதராபாத்தில் தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துவருகிறது. 1918-ல் நம் நீலகிரியின் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கி, 1958-ல் இங்கே குடிபெயர்ந்தது அந்நிறுவனம். அதனைப் புகழ் பெறச் செய்த டாக்டர் கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நம்மைப் போல் அவர்களும் இடம் பெயர்ந்து வந்தவர்கள் என்று எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி. கீரை, பயறு, இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் இரும்பு உண்டு. கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடல் அதனை நன்கு ஏற்கும். சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கும் நம் வழக்கம் அதனைத் தடுக்கும். உணவுக்கும் காப்பிக்கும் இடையே இடைவெளி விடுவது நல்லது.

சுபேதார் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் அம்மாமியாரிடம் சென்று, படலத்தையும் அறுகீரையையும் விளக்கினேன். அவர் வேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ, பாத்தியிலே பூச்சி விழுந்துட்டுது. நிலத்தைக் குத்தம் சொல்லி என்னம்மா பிரயோசனம்? வேர் மிச்சம் இருக்கா, அதைச் சொல்லு" என்றார். நான் கற்ற அத்தனையையும் அவர் ஒரே கேள்வியாக்கிவிட்டார். ஆறு மாதம் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவரும் அவரே. பிறகு ஒட்டுகளைக் கருவியால் விடுவித்தார்கள். சில மாதங்கள் சென்று, ஒரு நாள் இரவு அந்தப் பெண் தொலைபேசியில் என்னை அழைத்து, "அக்கா, பூப்பு" என்று ஒரே சொல் சொன்னாள். வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்திருக்கிறது.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. படலம் முழு உயரத்துக்கு வளரவில்லை, குழாய்களும் பழுதுபட்டிருக்கின்றன. இனிப் பிறக்குமா என்பதை மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் அவள் உடம்பில் நோய் இல்லை. அவ்வீட்டில் அந்தப் பழைய சொல்லும் இல்லை. இரண்டு ஆண்டுகள் முன்பே உண்மை மருத்துவரிடம் சென்றிருந்தால் வேர் இன்னும் மிகுதியாகக் காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, தாயோ தமக்கையோ அருகில் இல்லை. மருத்துவமனையின் மொழியும் நம் மொழி அன்று. ஆகவே சில விண்ணப்பங்கள். மாதவிடாய் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அது வரவரக் குறைந்து நின்றாலும், எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும், அடியோடு நின்று ஓராண்டு சென்றபின் மீண்டும் கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்களுக்கு மொழி வராவிடில், கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி பெயர்த்துச் சொல்லும் ஒரு பெண்ணை உடன் அழைத்துச் செல்லுங்கள். மொழி அறிந்த பெண்களே, அண்டை வீட்டுக்காரி அழைத்தால் ஒரு முற்பகல் விடுப்பு எடுத்துச் செல்லுங்கள். கணவன்மார்களே, உங்கள் கூச்சத்தை மொழிபெயர்க்காதீர்கள். அவர்கள் சொல்வதை மொழிபெயருங்கள்.